மஞ்சள் உறை வந்தால் அன்றைக்கே பிரியுங்கள்

வெளிநாட்டு வாழ்க்கை பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இந்த முறை ஜெர்மனியின் மியூனிக் நகரத்திலிருந்து பதில் சொல்கிறேன். பதினான்கு வருடமாக நான் குடியிருக்கும் ஊர். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அதில் தெளிவாக எழுதிய ஒருவரின் கடிதத்தை எடுத்துக்கொண்டேன்.

அக்கா, வேலைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. தபால் பெட்டியில் ஜெர்மனில் ஏதேதோ கடிதங்கள் வருகின்றன. விளம்பரம் என்று நினைத்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். போன வாரம் மஞ்சள் உறையில் ஒன்று வந்தது, மேலே பேனாவால் தேதி எழுதியிருக்கிறது. அதுவும் விளம்பரம்தானா?
— மில்பெர்ட்ஸ்ஹோஃபென் வாசகர்

இல்லை தம்பி. இதைப் படித்து முடித்த கையோடு அந்த உறையைப் பிரித்துப் பாருங்கள். நீதிமன்றமோ அரசு அலுவலகமோ "இந்தக் கடிதம் இந்த நாளில் இவருக்குப் போய்ச் சேர்ந்தது" என்று சாட்சி வைத்து அனுப்பும் கடிதம்தான் மஞ்சள் உறையில் வரும். தபால்காரர் எழுதிய அந்தத் தேதிதான் கணக்கு. நீங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் பெட்டியில் போட்ட அன்றைக்கே உங்களுக்குக் கிடைத்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். போக்குவரத்து அபராதம், நீதிமன்றம் வழியாக வரும் பணப் பாக்கி நோட்டீஸ் போன்றவற்றுக்கு மறுப்புச் சொல்ல இரண்டு வாரம்தான் கெடு. அதனால் உறையைக் கிழித்துத் தூக்கிப் போடாதீர்கள், கடிதத்தோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.

என் முதல் வருடத்தில் இதே தவறை நானும் செய்தேன். நான் ரத்து செய்திருந்த ஓர் ஒப்பந்தத்துக்கு ஒரு நிறுவனம் பணம் கேட்டு இப்படி அனுப்பியிருந்தது. ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி, பெட்டியைத் திறந்தபோது தேதி தாண்டிப் போயிருந்தது. ரத்து செய்த கடிதத்தின் நகலும் என்னிடம் இல்லை. கட்ட வேண்டியதே இல்லாத பணத்தைப் பயந்துபோய்க் கட்டினேன், அன்றிரவு முழுக்கத் தூங்கவில்லை. அதற்குப் பிறகு ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் தபால் பெட்டிச் சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுத்தான் போகிறேன். அவர் வாரம் இரண்டு முறை திறந்து பார்த்துப் படம் எடுத்து அனுப்பிவிடுவார். நீங்களும் அப்படி ஓர் ஆளைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பையில் இருக்கும் மற்ற கடிதங்களையும் இன்று மாலையே தரையில் பரப்பிப் பிரியுங்கள். கைப்பேசியில் படம் எடுத்தாலே மொழிபெயர்ப்பு கிடைத்துவிடுகிறது, ஜெர்மன் தெரியாது என்பது இன்றைக்கு ஒரு தடையே இல்லை. வருமான வரிக்கான பதினொரு இலக்க எண் வந்த கடிதம் அதற்குள் இருக்கலாம், அதைப் பத்திரப்படுத்துங்கள். "ருண்ட்ஃபுங்க்பைட்ராக்" என்று ஒன்று கட்டாயம் இருக்கும். அரசு வானொலி, தொலைக்காட்சிக்கான கட்டணம் அது. டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்கு 55.08. பலர் ஏமாற்று வேலை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், பாக்கி ஏறிக்கொண்டே போகிறது. ஆள் கணக்கு இல்லை, வீட்டுக்கு ஒன்றுதான். கூட வசிக்கும் நண்பர் ஏற்கெனவே கட்டுகிறார் என்றால் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதுங்கள், உங்களைக் கேட்க மாட்டார்கள்.

வங்கி அட்டை இரண்டு முறை அனுப்பியும் "இந்த முகவரியில் ஆள் இல்லை" என்று திரும்பிப் போய்விட்டது. முகவரி சரியாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது?
— லைம் வாசகர்

முகவரி சரிதான், பெயர்தான் சிக்கல். இங்கே அடுக்குமாடி வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப்பெயரைப் பார்த்துத்தான் போடுவார். நமக்குக் குடும்பப்பெயர் ஏது? அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் ஏறியிருக்கும். அப்பா பெயர் சுப்பிரமணியன் என்றால் ஜெர்மனி முழுக்க நீங்கள் "ஹெர் சுப்பிரமணியன்"தான். நீங்களோ பெட்டியில் உங்கள் பெயரை மட்டும் ஒட்டியிருப்பீர்கள். பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி இரண்டு பெயரையும் ஒட்டுங்கள், மனைவியின் பாஸ்போர்ட்டில் வேறு பெயர் இருந்தால் அதையும் சேர்த்து ஒட்டுங்கள். அழைப்பு மணிப் பலகையிலும் அதே பெயர் இருக்கட்டும். வாடகை அறையில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, இன்றைக்கே ஒரு தாளில் எழுதி டேப் போட்டு ஒட்டினாலும் போதும்.

இன்னும் கிளம்பாமல் ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், வருவதற்கு முன்பே இரண்டு கட்டத்தையும் நிரப்பிய பாஸ்போர்ட் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே வந்தபிறகு விசா அட்டை, வங்கி, காப்பீடு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாகப் பெயர் எழுதிவிடுவார்கள். பிறகு திருத்தி மாளாது.

அக்கா, கார்ஷிங்கில் எம்.எஸ். படிக்க வரப்போகிறேன். இணையத்தில் ஓர் அறை பார்த்தேன், 400 யூரோ, படங்கள் அருமையாக இருக்கின்றன. வீட்டுக்காரர் வேறு நாட்டில் இருக்கிறாராம். மூன்று மாத முன்பணத்தை அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகச் சொல்கிறார். அனுப்பலாமா?
— மாணவர், கோயம்புத்தூர்

அனுப்பாதீர்கள் தம்பி. ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். "வெளிநாட்டில் இருக்கிறேன், சாவி கூரியரில் வரும்" என்று யார் சொன்னாலும் அது மோசடி. ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் அப்பா கடன் வாங்கிக் கொடுத்த பணத்தை நம் பிள்ளைகள் இப்படித் தொலைத்துவிட்டு நிற்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. பாஸ்போர்ட் நகலையும் அனுப்பாதீர்கள். அதை வைத்துக்கொண்டு இன்னொருவரிடம் தன்னை நீங்களாகக் காட்டிக்கொள்வார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். அட்மிஷன் கிடைத்த அன்றைக்கே மாணவர் விடுதிக்கு விண்ணப்பியுங்கள். இங்கே அதை நடத்துவது ஸ்டுடீரென்டன்வெர்க் என்ற அமைப்பு. காத்திருப்போர் பட்டியல் நீளம் என்பதால் முதல் செமஸ்டருக்கே கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. முதல் ஒன்றிரண்டு மாதத்துக்குத் தற்காலிகமாக ஓர் இடம் பிடித்துக்கொண்டு, வந்தபிறகு நேரில் பார்த்து அறை தேடுங்கள். வரமுடியாத நிலைமை என்றால் இங்கே படிக்கும் சீனியர் ஒருவரை அனுப்பி, உள்ளே போய்க் குழாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அறை கிடைத்ததும், "ஆன்மெல்டுங் என்ற முகவரிப் பதிவுக்குக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா?" என்றுதான் முதலில் கேட்க வேண்டும். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியின் பியூர்கர்ப்யூரோவில் முகவரியைப் பதிவு செய்தாக வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் இல்லாமல் முடியாது. கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறவர் வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது என்பது சட்டம். அதுவும் வெப்பச் செலவு, தண்ணீர்ச் செலவு சேராத "கால்ட்" வாடகையில் மூன்று மாதம். மொத்தமாகத் தர முடியாவிட்டால் மூன்று தவணையாகத் தரும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

தனி வீடு பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இங்கே பல வீடுகள் சமையலறை இல்லாமல்தான் வாடகைக்கு வரும். அடுப்பும் சிங்க்கும் இருக்காது, சுவரில் குழாய் முனையும் கூரையில் தொங்கும் ஒயரும்தான் இருக்கும். காலி செய்யும்போது மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும். மெயில் அனுப்பினால் செல்லாது, காகிதத்தில் பேனாவால் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அது மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் வீட்டுக்காரர் கையில் கிடைத்தால்தான் அந்த மாதம் கணக்கில் வரும்.

ஊரிலிருந்து டேபிள்டாப் கிரைண்டர் கொண்டுவந்தேன். வேலை முடிந்து வந்து இரவு பத்தரைக்கு மாவு ஆட்டினேன். மறுநாள் கதவில் கீழ்வீட்டு அம்மா ஒரு சீட்டு ஒட்டியிருந்தார். இனி இட்லியே சாப்பிட முடியாதா?
— நொய்பெர்லாக் வாசகி

தாராளமாகச் சாப்பிடலாம், நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம், ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் அமைதி நாள். சில கட்டடங்களில் மதியமும் இரண்டு மணி நேரம் உண்டு, படிக்கட்டுப் பக்கம் ஒட்டியிருக்கும் வீட்டு விதிகளில் அது எழுதியிருக்கும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்டினால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. கிரைண்டர் சத்தத்தைவிட அதன் அதிர்வுதான் தரை வழியாகக் கீழே இறங்கும். வாஷிங் மெஷினுக்கு அடியில் போட விற்கும் தடித்த ரப்பர் பாயை வாங்கி அதன்மேல் வையுங்கள், பாதி குறைந்துவிடும்.

அப்புறம், அந்த அம்மா வீட்டுக்கு ஒருமுறை நேரில் போய்வாருங்கள். சீட்டு ஒட்டினார் என்று மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், இந்த ஊரில் அது சண்டைக்கு அழைப்பது ஆகாது. "தெரியாமல் செய்துவிட்டேன், இனி சனிக்கிழமை காலையில்தான் ஆட்டுவேன்" என்று சொல்லிவிட்டு நாலு இட்லியும் கொடுத்து வாருங்கள். எங்கள் மாடியில் ஒரு பாட்டியோடு இப்படி ஆரம்பித்த பழக்கம்தான், இன்றைக்கு என் தபால் பெட்டிச் சாவியை வைத்திருப்பவரும் அந்தப் பாட்டிதான்.

குளிர்காலத்தில் மாவு பொங்கவில்லை என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து, சூடு போடாமல் விளக்கை மட்டும் எரியவிடுங்கள், காலையில் பொங்கியிருக்கும். அடியில் ஒரு தட்டு வையுங்கள், வழிந்தால் ஓவனைத் தேய்ப்பது பெரும்பாடு.

படுக்கையறைச் சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்துவிட்டது. வீட்டுக்காரர் "நீங்கள் சமைக்கிற ஆவிதான் காரணம்" என்கிறார். உண்மையா?
— மோசாக் வாசகர்

பாதி உண்மை இருக்கலாம், ஆனால் அவர் சொன்னதற்காக அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் படம் எடுத்து, என்றைக்குப் பார்த்தீர்கள் என்று தேதியோடு அவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஃபோனில் சொன்னது கணக்கில் நிற்காது. பயந்து மறைத்து, பெயின்ட் அடித்து மூடினால் பிறகு சேதம் முழுவதும் உங்கள் தலையில் விழும். கட்டடத்தில் ஓதம் இருக்கிறதா, ஜன்னல் ஓரம் விரிசலா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. விவகாரம் முற்றினால் மியூனிக் வாடகைதாரர் சங்கத்தில், அதாவது மீட்டர்ஃபெரைனில், உறுப்பினராகிவிடுங்கள். வருடச் சந்தா கட்டினால் வக்கீல் ஆலோசனை கிடைக்கும்.

இனி நம் பக்கம். ஊரில் நம் வீடுகளுக்குக் காற்று தானாக வந்து போகும். இங்கே ஜன்னலை மூடினால் டப்பா மாதிரி அடைத்துக்கொள்ளும். இட்லிப் பானை, குக்கர், துணி உலர்த்தும் கொடி, இரவு முழுக்க நாம் விடும் மூச்சு எல்லாம் சேர்ந்து ஈரம் குளிர்ந்த சுவரில் போய் உட்காரும். ஜன்னலை மேலே சாய்த்து நாள் முழுக்க விடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதுதான் பெரிய தவறு, சுவர் குளிர்ந்து பூஞ்சைக்கு வசதியாகிவிடும். ஹீட்டரை அணைத்துவிட்டு ஜன்னலை முழுதாகத் திறந்து, எதிர்ப்பக்க ஜன்னலையும் திறந்து, ஐந்து பத்து நிமிடம் காற்றை ஓடவிட்டு மூடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று முறையாவது செய்யுங்கள், பனி பெய்தாலும் சரி. சமைக்கும்போது சமையலறைக் கதவு மூடியிருக்கட்டும். பீரோவைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு கை நுழையும் அளவு இடம் விடுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி மாட்டுங்கள், 60 சதவீதத்தைத் தாண்டினால் ஜன்னலைத் திறக்கும் நேரம் என்று அர்த்தம். காசை மிச்சம் பிடிக்க ஹீட்டரை முழுக்க அணைத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள்.

பெண் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். தங்கை கல்யாணம் மதுரையில், விடுமுறை தொடங்குவதற்கு ஐந்து நாள் முன்பு. காய்ச்சல் என்று சொல்லிக் கூட்டிப் போய்விடலாம் என்கிறார் நண்பர்.
— பாசிங் வாசகி

நண்பர் பேச்சைக் கேட்காதீர்கள். இங்கே பள்ளிக்கு அனுப்புவது சட்டப்படி கட்டாயம். 2018இல் மெம்மிங்கன் விமான நிலையத்தில், விடுமுறைக்கு முன்பே கிளம்பிய குடும்பங்களைப் போலீஸ் பிடித்து விசாரித்த செய்தி ஜெர்மனி முழுக்கப் பேசப்பட்டது. அபராதம்கூடப் பரவாயில்லை. "நமக்குக் காய்ச்சல்" என்று பொய் சொல்லச் சொன்னால் ஏழு வயதுக் குழந்தை அந்தச் சுமையை வகுப்பில் எப்படித் தூக்கும்?

உண்மையைச் சொல்லிக் கேளுங்கள். டிக்கெட் மலிவு என்பது காரணமே இல்லை, ஆனால் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை கல்யாணம் நல்ல காரணம். கல்யாணப் பத்திரிகையோடு, தேதியைக் குறித்து, முறை என்ன என்று விளக்கித் தலைமை ஆசிரியருக்கு இரண்டு மாதம் முன்பே கடிதம் கொடுங்கள். அந்தக் குழந்தைக்கே சடங்கில் ஏதாவது பங்கு இருந்தால் அதையும் எழுதுங்கள். முடிவு தலைமை ஆசிரியர் கையில்தான், அனுமதி காகிதத்தில் வந்தபிறகு டிக்கெட் போடுங்கள். தீபாவளிக்கு ஒருநாள் விடுப்பும் இப்படி எழுதிக் கேட்டுப் பார்க்கலாம்.

டிக்கெட் வாங்கியிருந்தும் யு-பான் சுரங்க ரயிலில் 60 யூரோ அபராதம் போட்டுவிட்டார்கள். நியாயமா?
— கீஸிங் மாணவி

பட்டைச் சீட்டு வாங்கி முத்திரை குத்தாமல் ஏறியிருப்பீர்கள். நடைமேடைக்குப் போகும் வழியில் இருக்கும் நீலப் பெட்டியில் குத்தினால்தான் அது டிக்கெட், அதுவரை வெறும் அட்டை. பத்துப் பட்டையில் நகருக்குள் போக இரண்டைக் குத்த வேண்டும். இந்த அபராதத்தைக் கட்டத்தான் வேண்டும், விட்டுவிட்டால் செலவு கூடும். தினமும் போகிறவர் என்றால் டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுத்துவிடுங்கள். 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ, நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ், டிராம் எல்லாவற்றுக்கும் செல்லும், நம் பவேரியா மாநிலத்தில் மாணவர்களுக்கு இன்னும் குறைவு. உங்கள் பெயரில் இருக்கும் மாதச் சீட்டை மறந்து வைத்துவிட்டு மாட்டினால் பிறகு காட்டி 7 யூரோவோடு தப்பிக்கலாம்.

இந்திய டிரைவிங் லைசென்ஸை மாற்றித் தருவார்களா?
— உன்டர்ஃபோரிங் வாசகர்

நேரடியாக மாற்றித் தர மாட்டார்கள். இங்கே வசிக்கத் தொடங்கியதிலிருந்து ஆறு மாதம் மட்டும் அதில் ஓட்டலாம், மொழிபெயர்ப்போ சர்வதேச அனுமதியோ கூட இருக்க வேண்டும். பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும் எழுத வேண்டும், முதலுதவிப் பயிற்சியும் கண் பரிசோதனையும் உண்டு. எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம். கட்டாய வகுப்புகள் நமக்கு இல்லை என்றாலும் நாலைந்து வகுப்பாவது போங்கள். வலப்பக்கத் தெருவிலிருந்து வருபவருக்கு வழிவிடும் விதியில்தான் நம்மவர்கள் தோற்கிறார்கள். ஆறு மாதம் முடிந்தபிறகு "பக்கத்துக் கடைக்குத்தானே" என்று ஓட்டாதீர்கள், அது குற்றம்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். முகவரிப் பதிவுப் படிவத்தில் மதம் கேட்கிறார்கள். எழுதினால் வரி என்கிறார்களே?
— ஷ்வாபிங் வாசகர்

ஆமாம், கத்தோலிக்கர் என்று பதிந்தால் திருச்சபை வரி உண்டு. பவேரியாவில் வருமான வரியில் 8 சதவீதம். சம்பளத்தில் 8 சதவீதம் இல்லை, நீங்கள் கட்டும் வரித்தொகையில்தான், பதறாதீர்கள். ஞானஸ்நானம் பெற்றவர் பொய்யாக "இல்லை" என்று எழுதச் சொல்லி நான் சொல்ல மாட்டேன். தெரிந்துகொண்டு எழுதுங்கள், சம்பளச் சீட்டைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அக்கா, ஊரில் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். கல்யாணமாகி வந்து ஏழு மாதம். அவர் காலையில் போனால் இரவுதான் வருவார். டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடுகிறது. சும்மா அழுகை வருகிறது. ஊருக்குச் சொன்னால் கவலைப்படுவார்கள்.
— பெயர் வேண்டாம்

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன் அம்மா. என் முதல் குளிர்காலத்தில் மாலை நாலு மணிக்கு ஜன்னல் ஓரம் நின்று, எதிர்வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தது ஞாபகம் வந்துவிட்டது. உங்களிடம் குறை ஒன்றும் இல்லை. நாற்பது பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே நின்றவரை ஒரே நாளில் பேச ஆளில்லாத அறையில் வைத்தால் யாருக்கும் அழுகைதான் வரும்.

உங்கள் விசா அட்டையை எடுத்துப் பாருங்கள். "எர்வெர்ப்ஸ்டேட்டிக்கைட் எர்லௌப்ட்" என்று இருக்கும், வேலை செய்ய அனுமதி என்று அர்த்தம். கணவரைத் தொடர்ந்து வந்தவர் வேலைக்குப் போகக் கூடாது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அது தவறு. ஒருங்கிணைப்பு வகுப்பு என்று அரசே நடத்துகிறது, 600 பாடவேளை மொழி, 100 பாடவேளை நாட்டைப் பற்றி. கட்டணத்தில் பாதியை அரசு ஏற்கிறது. வெளிநாட்டினர் அலுவலகத்தில் கேளுங்கள், அல்லது மியூனிக் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்ற மக்கள் கல்விக்கூடத்துக்கு நேரில் போங்கள், அவர்களே படிவம் நிரப்ப உதவுவார்கள். தினமும் காலை குளித்து உடுத்திக் கிளம்ப ஓர் இடம் இருக்கும், அதுவே பாதி மருந்து. படித்த பல்கலைக்கழகத்தை இங்கே ஏற்றுக்கொள்கிறார்களா என்று அனாபின் என்ற அரசுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பள்ளி ஆசிரியராக வருடங்கள் ஆகும், நன்றாக ஜெர்மன் பேச வேண்டும். ஆனால் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆள் தேடும் பெற்றோர் இப்போதே இருக்கிறார்கள்.

பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் வெளியே போங்கள், மேகமாக இருந்தாலும் சரி, இஸார் ஆற்றங்கரையில் அரை மணி நேரம் நடங்கள். உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு தொடங்குங்கள். கணவரிடம் "போர் அடிக்கிறது" என்று சொல்லாதீர்கள், "அழுகை வருகிறது" என்றே சொல்லுங்கள், இரண்டும் ஒன்றில்லை. அழுகை இரண்டு வாரத்துக்கு மேலும் நிற்கவில்லை என்றால் குடும்ப மருத்துவரிடம் காய்ச்சலைச் சொல்வது போலவே சொல்லலாம். நடுராத்திரியில் தாங்க முடியாமல் போனால் பவேரிய நெருக்கடி உதவி எண் 0800 655 3000, இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள். எனக்கும் மறுபடி எழுதுங்கள், எழுத வேண்டும்.

மகளுக்குப் பிப்ரவரியில் பிரசவம், ஜனவரியில் வருகிறேன். நெய், பால்சுறாக் கருவாடு, கறிவேப்பிலை, பிள்ளைக்குக் காப்பு, சாம்பிராணி எல்லாம் கொண்டு வரலாமா?
— ஓர் அம்மா, பாளையங்கோட்டை

வாங்க அம்மா. நெய்யும் பால்கோவாவும் வேண்டாம், வெளிநாட்டுப் பால் பொருளுக்கும் இறைச்சிக்கும் ஐரோப்பாவில் அனுமதி இல்லை. இங்கே 250 கிராம் வெண்ணெய்க் கட்டி எல்லாக் கடையிலும் கிடைக்கும், நாலு கட்டியைக் காய்ச்சினால் வீடே மணக்கும். மீனுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு, நெத்திலிக் கருவாட்டை நன்றாக அடைத்துக் கொண்டு வாருங்கள். பால்சுறா மட்டும் வேண்டாம், அந்தச் சுறா இனம் சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது, கொண்டுவர அனுமதிச் சீட்டு வேண்டும். பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்காய்க்குப் பயிர்நலச் சான்றிதழ் கேட்பார்கள். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் கேட்க மாட்டார்கள். கறிவேப்பிலையைக் காயவைத்துப் பொடியாக்குங்கள். சுக்கு, திப்பிலி, பத்தியப் பொடி எல்லாவற்றிலும் என்ன என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். உங்கள் மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள், மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம்.

காப்பு, அரைஞாண் எல்லாம் பரிசுப் பொருள் கணக்கு. விமானத்தில் வருபவர் 430 யூரோ மதிப்பு வரைதான் தீர்வையில்லாமல் கொண்டு வரலாம், அதற்கு மேல் என்றால் ரசீதோடு சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடுங்கள். தங்கம் விற்கும் விலையில் ஒரு சின்னக் காப்பே அதைத் தாண்டும். உணவுப் பொருளில் சந்தேகம் இருந்தாலும் அங்கேயே காட்டிக் கேளுங்கள். மறைத்து மாட்டினால்தான் அபராதம்.

விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்க முடியும், பிரசவத் தேதி தள்ளிப் போனாலும் கணக்கு மாறாது. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு எடுத்திருப்பீர்கள், அந்தத் தாளை மகள் வீட்டில் எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் 112. ராத்திரியில் லேசான சுகவீனம் என்றால் 116117.

மகளிடம் பேறுகால உதவியாளரை, இங்கே ஹெபாம்மெ என்பார்கள், இப்போதே பதிந்தாயிற்றா என்று கேளுங்கள். மியூனிக்கில் கடைசி நேரத்தில் கிடைக்க மாட்டார்கள். குழந்தை பிறந்ததும் அவர் வீட்டுக்கே வந்து பார்ப்பார், அரசுக் காப்பீட்டில் இருந்தால் அதற்குச் செலவில்லை. பிள்ளையை மல்லாக்கத் தூங்கப் போடுங்கள், தலையணையும் போர்வையும் வேண்டாம், உறக்கப் பை போதும் என்று சொல்வார். நம் வழக்கத்துக்கு அது புதுசாகத் தெரியும், ஆனால் தூக்கத்தில் பிள்ளைக்கு மூச்சுமுட்டாமல் இருக்கச் சொல்வது அது, கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய்க் குளியல், பத்தியச் சாப்பாடு பற்றியெல்லாம் நீங்களும் அவரிடம் பேசுங்கள், பல பேர் ஆசையாகக் கேட்பார்கள்.

சாம்பிராணி மட்டும் வேண்டாம் அம்மா. பச்சைக் குழந்தைக்குப் புகை ஆகாது. அதோடு இங்கே ஒவ்வொரு படுக்கையறைக் கூரையிலும் புகை அலாரம் சட்டப்படி மாட்டியிருக்கும், கொஞ்சம் புகை போனாலே கட்டடமே எழுந்துகொள்ளும் அளவுக்குக் கத்தும். கம்பளிக் கோட்டைப் பெட்டிக்குள் வைக்காமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஜனவரியில் விமான நிலையக் கதவைத் தாண்டி ரயிலடிக்கு நடப்பதற்குள் தேவைப்படும்.